வெள்ளிக்கிழமைப் பானகம்

பானகத்தில் சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். இங்கே வந்ததும் உங்கள் ஏட்டம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசு. இந்த மாதிரிச் சின்னச் சின்ன அன்பை நம்பித்தான் நான் வாழ்கிறேன். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன், இன்ஸ்பெக்டரம்மா.

பரவைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்து அம்மன் கோயில் இருக்கிறது. என் மாமியார் மேல்தான் அம்மன் இறங்கிக் குறி சொல்லும். அவர் போன பிறகு யார் மேலும் இறங்கவில்லை. என் மேல் இறங்கட்டும் என்று எத்தனையோ வருசம் விரதம் இருந்தேன். உருமி முழங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். கால் வலிதான் வரும்.

என் மகன் செல்வக்குமார் லாரி ஓட்டுகிறான். வீட்டில் தங்குவது குறைவு. அவன் மனைவி பாண்டீஸ்வரிக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் வாந்தி நிற்காது. நான்தான் அவளை ஆரப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வாந்தி மாத்திரை எழுதிக் கொடுத்து, ஐந்து நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றார். "கழுத்தோ தாடையோ இழுத்துச்சுன்னா, கண்ணு மேல சொருகுச்சுன்னா, உடனே நிறுத்திட்டு இங்க கூட்டியாந்துரணும்மா. சின்ன வயசுப் பொண்ணுகளுக்குச் சில நேரம் அப்படி ஆகும். ஒரு ஊசி போட்டாச் சரியாயிரும்" என்றும் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். மருந்து விஷயத்தில் நான் அலட்சியக்காரி இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசை நடக்கும்போது பாண்டீஸ்வரியின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே போயின. பல் இறுகி, வாய் கோணியது. உருமிக்காரர் மொக்கைச்சாமி அடியை வேகப்படுத்தினார். "ஆத்தா வந்துட்டாடா!" என்று யாரோ கத்த, கூட்டம் முழுக்கத் தரையில் விழுந்து கும்பிட்டது.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் அத்தனை பேர் கும்பிட்டுக் கிடக்கும் இடத்தில் மாத்திரையைப் பற்றிப் பேசுவது மரியாதையாகத் தோன்றவில்லை.

அவளால் பேச முடியவில்லை, முனகினாள். அதற்கு யாராவது அர்த்தம் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்.

நல்லதைத்தான் சொன்னேன். அழகுபாண்டி என்று ஒருவன், குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பான். "ஆத்தா உன்னப் பாத்துக்கிட்டேதான் இருக்காடா" என்றேன். "இனிமே தொட மாட்டேன் தாயி" என்று அழுதான். தொடவும் இல்லை. அவன் மனைவி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருத்தியின் கழுத்து ஒரு பொழுது வலித்தால் இன்னொருத்தி அடி வாங்காமல் தூங்குவாள் என்றால், எது தர்மம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு அவளுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, "தலைவலி இல்ல அத்தை, மாத்திரை வேணாம். அதத் தின்னுதான் அப்படி இழுத்துச்சோ என்னமோ" என்றாள்.

"சாமி காரியத்த அப்படிப் பேசாத தாயி" என்றேன்.

அதற்கு மேல் அவளிடம் மாத்திரையைக் காட்டவில்லை. விரதம் இருக்கிறவளுக்குப் பானகம் கொடுப்பது எங்கள் வழக்கம். பொடித்துப் போட்டு, சுக்கைத் தூக்கலாகத் தட்டிப் போட்டால் கசப்பு தெரியாது. அவள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் குடிப்பாள். அம்மன் வராத வெள்ளிகளுக்குப் பிறகு கூடுதலாகப் பொடித்தேன். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள்.

ஒருமுறை, இறுகின பல்லுக்கு நடுவில் அவள் சொன்னது எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. "அத்தை... ஆஸ்பத்திரி..."

நான் கூட்டத்தைப் பார்த்து, "ஆத்தா பொங்கல் கேக்குறா" என்றேன்.

பிறகு செவ்வாய்க்கிழமையும் ஆட்கள் வந்தார்கள். பிறகு எல்லா நாளும் வந்தார்கள். துக்கத்தோடு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? இப்படியே ஒரு வருசம் ஓடி, அடுத்த பங்குனியும் கழிந்தது. அதற்குள் பூசை இல்லாத வேளையிலும் அவள் நாக்கு வாய்க்குள் சுழன்றது, தலை ஆடியது.

அவள் அண்ணன் கருத்தக்கண்ணன் கொட்டாம்பட்டியிலிருந்து வந்தவன், தங்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "எந் தங்கச்சி என்ன உங்க வீட்டு உருமியா, வெள்ளிக்கு வெள்ளி முறுக்கி விடுறதுக்கு?" அவன் எப்போதுமே கொஞ்சம் முரடன். அவன்தான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஆட்டம் நிற்குமா என்று சொல்ல முடியாது என்கிறார்களாம்.

நான்தான் கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தே கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பாண்டீஸ்வரிக்கு என் மேல் வருத்தம் இல்லை. அதையும் சேர்த்து எழுத வேண்டும். நேற்று, அவள் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், கட்டிலருகில் நின்று, "அத்தை எல்லாம் நல்லதுக்குத்தான செஞ்சேன், தாயி?" என்று கேட்டேன். ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.