தேதி போட்ட குதிகால்

இந்தக் காலத்தில் எதை எடுத்தாலும் மூடி ஒட்டி, மேலே தேதி எழுதிவிடுகிறார்கள். ரொட்டிக்குத் தேதி, மருந்துக்குத் தேதி, கடைசியில் என் வீட்டுக்காரியின் குதிகாலுக்கும் தேதி. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவனை மட்டும் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரி விசாரணை என்று கூப்பிட்டுக் கேட்டீர்கள், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட அந்த நர்ஸ் பெண்மேல் தப்பில்லை. அவள் வேலை போகக் கூடாது. வாய்தான் நீளம், வேலை சுத்தம்.

நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியே மூன்று பெண்களைக் கரையேற்றியவன். ஓட்டை இருக்கும் இடத்தைச் சுரண்டாமல் ஒட்டினால் ஒட்டு நிற்காது. இந்தப் பெண் என்னடாவென்றால் வீட்டுக்காரியின் குதிகால் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, காகித ஸ்கேலை வைத்து நாலு சென்டிமீட்டர் என்று அளந்து, அப்படியே மூடி ஒட்டி, மேலே தேதி எழுதிவிட்டாள்.

"தாத்தா, மூணு நாளைக்கு யாரும் திறக்கக் கூடாது."

"மூடி வெச்சா புழுங்கி அழுகாதாம்மா?"

"அழுகாது. அந்த ஈரத்துலதான் புதுச் சதை வளரும்."

"நாப்பது வருஷமா டியூப் ஒட்டுறேன். ஈரத்துல எதுவும் ஒட்டி நான் பாத்ததில்ல."

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரி சொன்னாள்: "அவர் வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டுட்டுப் போம்மா. எனக்குப் பாதி நோய் ஆறிடும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலாவது வாரம் புண் இரண்டு சென்டிமீட்டர் ஆனது. வீட்டுக்காரி விரலை மடக்கி எண்ணினாள்.

"இன்னும் ஒரு மாசம். கால் ஆறினதும் பெரியவ வீட்டுக்குப் போயிடுவேன். உங்களோட மல்லுக்கட்டினது போதும். இனிமே நீங்களாச்சு, உங்க பஞ்சர் கடையாச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த துணிப்பெட்டியை மட்டும் எடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னாள். துடைத்து வைத்தேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுநாள் மத்தியானம் கட்டைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரால் ஓரத்தை நனைத்தால் பிளாஸ்திரி சத்தமில்லாமல் கழன்று வரும். உள்ளே சிவப்பாக, மணிமணியாக, ஈரமாக இருந்தது. முரட்டுத் துணியை எடுத்து அந்தச் சிவப்பு போகும்வரை தேய்த்தேன். பிறகு தேதி மேலே தெரிகிறபடி, பழைய தடத்திலேயே ஒட்டினேன். ஒட்டுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சர்க்கரை வியாதியில் அவள் பாதத்தில் உணர்ச்சி செத்துப் பல வருஷம். நான் கால் பிடித்துவிடுகிறேன் என்று நினைத்தாள்.

"இந்த வயசுல பாசம் பொங்கி வழியுதே," என்று கேலி பேசினாள்.

"எல்லாம் உனக்காகத்தான்," என்றேன். பிறகு தினமும் செய்தேன்.

புண் மூன்று சென்டிமீட்டர் ஆனது. அப்புறம் ஐந்து. அந்தப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தாத்தா, நீங்க கட்டைத் திறக்கலையே?"

"நான் எதுக்கும்மா திறக்கப்போறேன்?"

குதிகால் படுக்கையில் அழுந்துகிறதோ என்று, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னாள். அதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள். பிறகு வாடை வந்தது, காய்ச்சல் வந்தது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆறி வந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். சிவப்பாக மணிமணியாக வருவதுதான் புதுச் சதை என்று அந்தப் பெண் ஏற்கெனவே காட்டியிருந்தாள். படிப்பில்லாதவன்தான், ஸ்கேலில் நாலுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை. தெரிந்துதான் தேய்த்தேன். அவ்வளவு அவசரமாக வளர்கிற சதையில் எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. பெரியவள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. துணிப்பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. தூக்கிக் குளிப்பாட்டுவது, தலை வாரிவிடுவது, எல்லாம் நான்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான், சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று, கிளம்புகிறேன். மூடி வைத்தால் ஆறும் என்பதை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய இன்னொரு குதிகால் நேற்றிலிருந்து கொஞ்சம் சிவந்திருக்கிறது. அதற்கு நீங்கள் யாரையும் அனுப்ப வேண்டாம். நானே பார்த்துக்கொள்வேன்.