இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே

இந்த அறையில் எதிரொலி அதிகம், ஐயா. நீங்கள் கேள்வி கேட்டு முடித்த பிறகும் அது சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய கம்பளத்தை மாட்டுங்கள், போதும். இனெஸ்கான் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும். உங்களுக்குத் தொண்டை மிச்சம், எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தலைவலி மிச்சம்.

தொழில் புத்தி. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன் சுவர்களைத்தான் பார்ப்பேன். மன்னியுங்கள், கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் பிஹி. அன்ஸாவில், கடலோரம் மூடிக்கிடக்கும் மத்தி மீன் தொழிற்சாலைக்குள் ‘குளிரறை’ என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்துகிறேன். நிறுவனம் என்று பெரிதாகச் சொல்கிறேன். நான், ஒரு மிக்ஸர், ஒரு தேநீர்க் கெண்டி, அவ்வளவுதான். அகாதீரிலிருந்து தீஸ்னித் வரைக்கும், எங்கள் பெர்பர் மொழியில் ராக் பாடுகிற பையன்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கஸாபிளாங்காக்காரர்களிடம் போனால், கல்யாணத்துக்கு பாஞ்சோ வாசிக்க வருகிறாயா என்று கேட்பார்கள். நான்தான் அந்த கிதாரை எடு, எவ்வளவு கத்த முடியுமோ கத்து என்றேன்.

ஒலிப்பதிவு செய்வது தொழிற்சாலையின் பழைய குளிர்பதன அறையில். பெயர் வந்தது அதனால்தான். சுவர் முழுக்க ஒரு முழ கனத்துக்குத் தக்கை. உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே படுத்திருக்கும் பூனை காதை அசைக்காது. கதவின் கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. புதுப் பையன்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் வெளிறிப்போவார்கள். நான்தான் வெளியே இருக்கிறேனே, பயம் எதற்கு என்பேன்.

நான் யாரையும் பிடித்து வைத்தவன் அல்ல. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பையன்கள் வந்தார்கள், என்னிடம் பாடக் கற்றார்கள், போனார்கள். ஒருவன் பிரஸ்ஸல்ஸில் டாக்ஸி ஓட்டுகிறான். ஒரு குழு முழுசாகக் கஸாபிளாங்கா போய்ப் பற்பசை விளம்பரத்துக்குப் பாடியது. ஒவ்வொரு தடவையும் பேருந்து நிலையம் வரை போய்க் கையசைத்தேன். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் கையசைத்தேன்.

பிறகு ‘மத்தி’ வந்தது. மீன் பெயரையே குழுவுக்கு வைத்திருந்தார்கள், ஏனென்றால் மூவரின் அம்மாக்களும் அதே தொழிற்சாலையில் மீன் அடுக்கியவர்கள். ட்ரம்ஸுக்கு ஹம்மு. பேஸ் வாசிக்க ஒரு பேசாமடந்தை. நடுவில் கிதாரோடு அனிர்.

அனிரின் அம்மா இஜ்ஜா அக்கா, டப்பா மூடும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்று காதைத் தொலைத்தவர். வீட்டில் உப்பு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அம்மாவுக்கு எட்டட்டும் என்று கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை அவனுடையது. அந்தக் கத்தலுக்குள் ஒரு கெஞ்சல் இருந்தது. முதல் நாள் அதை ஹெட்ஃபோனில் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஹம்மு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டான்.

“என்னண்ணே, வெங்காயம் உரிக்கிறீங்களா?”

“உன் ட்ரம்மை இறுக்குடா முதல்ல. துணி துவைக்கிற மாதிரி கேக்குது” என்றேன்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்த வருஷம் எங்கள் ஊர் டாக்ஸிகளில் வேறு எதுவும் ஓடவில்லை. மீன் சுடுகிற கடைகளில் ஓடியது. எனக்கு யாரென்றே தெரியாத ஆட்கள் தெருவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம், குழந்தை என்று எதுவும் எனக்கு அமையவில்லை, ஐயா. அந்தக் குரல் அமைந்தது.

இப்போது நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாடுகிறவன் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் பாடுவான். அதில் எவ்வளவு சத்தம் என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரலில் இருக்கிறது. எந்த ஊர்ப் பாடகனும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே.” தன் குரல் எவனுக்கும் போதாது. நல்ல ஒலிப்பதிவாளன் குமிழைத் தொடுவான், திருப்புவது போல் தோளை அசைப்பான், திருப்ப மாட்டான். பையன் உள்ளேயிருந்து “ஆங், இப்பச் சரி” என்பான். எங்கள் தொழிலில் கருணை என்றால் அதுதான்.

அனிருக்கு அந்தக் கருணையை நிறுத்திக்கொண்டேன். நான் செய்ததே அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம்.

காரணம் கேட்பீர்கள். பிரான்ஸிலிருந்து, மர்ஸேயில் இசைத்தட்டு போடுகிற ஒருவன் அனிரைத் தேடி வந்திருந்தான். பாடலைக் கேட்கும்போது காலால்கூடத் தாளம் போடாத ஆள். துறைமுகத்தில் மீன் தின்றுகொண்டிருந்தபோது அனிர் விஷயத்தைச் சொன்னான்.

“வெயில் காலம் முடிஞ்சதும் கெளம்பறேண்ணே. அங்க பெரிய ஸ்டூடியோவாம். நீங்களும் வந்துடுங்களேன்.”

“நான் எதுக்குடா? பெட்டி தூக்கவா?”

“பின்ன? அங்க எனக்கு யாரு டீ போட்டுத் தருவா?”

சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னதுதான், எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். எலுமிச்சையைப் பிழிந்து அவன் தட்டில் விட்டேன். போவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு இசைத்தட்டு முடித்துக் கொடு என்றேன். “உங்களுக்கு இல்லாமயாண்ணே” என்று என் தோளில் கை போட்டான். அந்தக் கையில் எண்ணெய் இருந்தது. சட்டையில் கறை இன்னும் போகவில்லை.

ஹெட்ஃபோனுக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே அமுக்கிவிடும். அதைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். நன்றாகத் துடைத்தேன். பிறகு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவன் ஏற்றச் சொன்னபோதெல்லாம் ஏற்றினேன். ஒரே நாளில் அல்ல, நான் முரடன் அல்ல. காது பழகப் பழக இன்னும் வேண்டும் என்று கேட்கும், இன்னும் கொடுத்தேன். கோடை முழுக்க அப்படித்தான் போனது. பாடி முடித்து வெளியே வந்தால் டீ கேட்பதற்கே கத்த ஆரம்பித்தான். ஹம்மு கிண்டல் செய்வான், “இவன் அவங்க அம்மாவாவே மாறிட்டாண்ணே” என்று.

ஒரு நாள் அனிர் படியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, கொய்ங்னு ஒரு சத்தம் நிக்காமக் கேக்குது. உங்களுக்கும் கேக்குதா?”

“கேக்குது. கடல் காத்துடா. தகர ஓட்டுல மோதுது.”

“அப்பாடி. எனக்கு மட்டும்தானோன்னு பயந்துட்டேன்.”

அன்று காற்றே இல்லை, ஐயா. ஆனால் அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கொடுத்ததும் நான்தான்.

கடைசிப் பாட்டு மட்டும் மிச்சம் இருந்தது. பயணச்சீட்டை எடுத்துவிட்டான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பாட வந்தான். உள்ளேயிருந்து கையை உயர்த்தினான். “அண்ணே, ஒண்ணுமே கேக்கல. இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே.” மிக்ஸரில் ஒரு சோதனை விசில் இருக்கிறது, ஸ்பீக்கரைச் சரிபார்க்க வைத்திருப்பது. அதை அவன் ஹெட்ஃபோனுக்குத் திருப்பினேன். குமிழை அது போகிற வரைக்கும் திருப்பினேன். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மைக் கம்பத்தைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தான். ஹம்மு உள்ளிருந்து கதவைத் தட்டினான். நான் விசிலை அணைத்து, கம்பிகளைப் பழையபடி மாட்டிவிட்டுப் போய்த் திறந்தேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் வேறு யாருக்காவது இப்படிக் காது போனது உண்டா என்பது. இஜ்ஜா அக்கா அங்கேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், “என் சாபம்தான் பிள்ளைக்கு வந்துடுச்சு” என்று. நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். ஊரும் அதையே சொன்னது. ஹம்மு கொஞ்ச நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பிறகு குழுவை விட்டுப் போய்விட்டான். மர்ஸேய்க்காரன் ஆறுதலாக நாலு வரி எழுதியதோடு சரி.

அனிர் எங்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நானே போய் அவனை அழைத்து வருவேன். குளிரறையில் நாங்கள் இருவரும் குஸ்குஸ் சாப்பிடுவோம். அவன் நல்ல துண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளிவிடுவான். சாப்பிட்ட பிறகு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாடுவான். சுருதி எங்கோ போய்விட்டது. “எப்படி இருக்குண்ணே?” என்று கத்துவான். கட்டை விரலை உயர்த்துவேன். அதையெல்லாம் நான் வெளியிடவில்லை. அவை எனக்கு மட்டும்.

அவனிடம் எப்போதாவது உண்மையைச் சொன்னாயா என்று கேட்டீர்கள். நீங்கள் என்னை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. சொன்னேன், ஐயா. எல்லாவற்றையும் சொன்னேன், முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், வாய்விட்டு. முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பெட்டியைக் கழற்றியது, காற்று என்று சொன்னது, விசில், எதையும் மறைக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். சொல்லி முடித்ததும் எனக்குத் தோள் பாரம் இறங்கியது போல் இருக்கும். அவன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஜ்ஜா அக்கா வந்து நின்றார். வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்திருந்தார். அனிருக்கு முதுகுப் பக்கம், எனக்கு நேர் எதிரே. நான் கையை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினேன். மைக் அணைந்திருந்தது. சுவர் தக்கை. அவருக்கோ காதே கேட்காது. நான் நிறுத்துவதற்கு என்ன காரணம் இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் இயந்திர இரைச்சலுக்கு நடுவே குரல் இல்லாமல் வாயசைவிலேயே ஊர்வம்பு பேசித் தீர்த்தவர்களாம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசுவார்களாம், மேலாளர் நடுவில் நடந்துபோனால்கூட ஒன்றும் தெரியாதாம். அந்தக் கட்டடத்திலேயே இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் சத்தத்தை மட்டுமே அடைத்தேன். கண்ணாடியை நான்தான் தினமும் துடைத்தேன்.

ஆனால் இப்போது இஜ்ஜா அக்காவின் புகாரிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினீர்களே, அன்று அவரை வரச் சொன்னதே அனிர்தான் என்று. “அம்மா, அண்ணன் வாயில ‘காது, காது’ன்னே வருது. நான் சரியாத்தான் படிக்கிறேனான்னு நீ வந்து பாரு” என்று சொன்னானாம். போன ரமலானிலிருந்து அம்மாவிடம் உட்கார்ந்து அந்த வாயசைவுப் பாடம் படிக்கிறானாம்.

அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். பெட்டியைக் கழற்றியது நான். விசிலைத் திருப்பியது நான். அவன் காதுகளைக் கெடுத்தது நான், தெரிந்தே கெடுத்தேன். ஆனால் இது நடந்திருக்க வழியே இல்லை. புரிந்திருந்தால் வாரா வாரம் வந்து என் எதிரே உட்காருவானா? நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. நான் பேசத் தொடங்கிவிட்டால் தட்டில் இருப்பது ஆறிப்போவதைக்கூடக் கவனிக்க மாட்டான், இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அத்தனை பாசமாக என்னை யாரும் பார்த்ததில்லை.