இயந்திரம் மறைத்த நடுக்கத்தை மறைக்காத கைகளுக்கு

மலக்குடல் புற்றுநோயால் மனமுடைந்து வந்தோர்க்கெல்லாம் மறுவாழ்வு தந்த மாண்பாளரே! இடுப்புக்குழியின் இண்டு இடுக்கிலும் இம்மி பிசகாத எங்கள் டாக்டரம்மாவே! ஓய்வு வயதுக்கு முன்பே விடைபெறும் உங்களை, மனம் ஒப்பாமலே வணங்குகிறோம்.

பாராட்டு மடலென்றால் பழுதற்ற புகழே பாடுவது வழக்கம். அதற்கும் நீங்கள் விடவில்லை. "செத்தவங்களப் பத்திப் பேசற மாதிரி எழுதிடாதீங்கப்பா. என் கை நடுங்கறதையும் எழுதுங்க" என்றீர்கள். உங்கள் உத்தரவு எங்கள் தலைமேல்.

நோயாளியின் வயிற்றுக்குள் ரோபோவின் கைகளைச் செலுத்தி, சற்றுத் தள்ளி அதை இயக்கும் கன்சோலில் அமர்ந்து, சிலந்தி நூல் போன்ற வெண்படலத்தின் ஊடே வழி பிடித்து, மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறை கிழியாமல், சிறுநீர் நரம்பும் இல்லற வாழ்வுக்கான நரம்பும் அறுபடாமல், கட்டியை முழுதாய் வெளிக்கொணரும் கலை உங்களுடையது! "இழுக்காத, தூக்கிப் பிடி, வழி தானா தெரியும்" என்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்த மயக்க மருத்துவரிடம், "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா கிளம்புங்க. பேஷண்ட மட்டும் எழுப்பி விட்டுடாதீங்க" என்றதையும் மறவோம்.

லாரி ஓட்டுநர் ஒருவர், "வயித்துல மலம் சேர்ற பை மட்டும் வேணாம்மா, வண்டி ஓட்டணும்" என்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். அவர் அறுவையின்போது, வாலெலும்பை ஒட்டிய சிரை ஒன்று உடைந்து திரையெல்லாம் சிவந்தது. ரோபோவை விலக்கி, வயிற்றைத் திறந்து, துணி வைத்து அழுத்தினீர்கள். அழுத்திய கை நடுங்கியது. மூத்த செவிலியர் தம் கையை உங்கள் கைமேல் வைத்து அழுத்தினார். குருதி நின்றது, உயிரும் தங்கியது. குடலை இணைக்க இயலாமல், அவர் அஞ்சிய பையும் நிலைத்து நின்றது.

பதிவான படத்தை எல்லோரும் பார்த்தோம். சிரை உடைந்ததற்கு உங்கள் கை காரணமல்ல. கன்சோலில் விரல் நடுங்கினாலும் கருவியின் முனை நடுங்காது. இயந்திரம் அதை வடிகட்டிவிடும். அதனால்தான் நடுக்கம் உங்களுக்கே அன்றுவரை தெரியவில்லை. "அதான் மெஷின் பாத்துக்குதே, இருங்கம்மா" என்று கெஞ்சினோம்.

"மெஷின ஓரங்கட்டற அன்னிக்கு யார் கையால அழுத்துவேன்?" என்று கேட்டீர்கள்.

நாளை ரோபோவுக்கு உறை போர்த்திவிடுவோம். அதை இயக்க இங்கே வேறொருவர் இல்லை. உங்கள் கையால் அறுவை செய்துகொள்ளக் காத்திருந்த தையற்காரர் ஒருவரைத் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். நேற்று அவர் கட்டிலருகே அமர்ந்து, காரணத்தை உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். "ஊசி கோக்க வரலைன்னா நானும் கடைய சாத்தத்தானேம்மா வேணும்" என்று அவர் உங்களைத் தேற்றினாராம். தேறியவராய் நீங்கள் திரும்பி வரவில்லை.

உண்மையை உரைத்து உயர்ந்தவரே! உடல்நலம் குன்றாது, உறக்கம் கெடாது, நெடிது வாழ்க!

சட்டமிட்ட இம்மடலை வாங்கும்போது கண்ணாடி சற்று ஆடலாம். ஆடட்டும். அடிப்பக்கத்தை மூத்த செவிலியர் பிடித்துக்கொள்வார்.

கனத்த நெஞ்சுடன்,
அறுவை அரங்கின் மருத்துவர்கள், செவிலியர்கள், கருவி பராமரிப்போர், துப்புரவுப் பணியாளர்கள்