எட்டாம் நாள் கை

— கதவ மூடாதீங்க. எனக்கு வெளிச்சம் வேணும்.

— வெளிச்சம் வந்தா ஆளும் வரும். மூடித்தான் இருக்கணும்.

— அல்பொன்சா, இது வலை போட்டு வைக்கிற ஓலை வாடி. இப்ப இங்க யார் வரப்போறாங்க... எல்லாரும் கோயிலடியில நிக்கிறாங்க.

— அதுதானே பயம். உங்களத் தேடி ஒரு ஆள் வந்தாப் போதும்.

— சட்டைக் கைய உயத்துங்க. இன்னும் கொஞ்சம்... நோகுதா?

— நோகுது. எரியுது. நேத்துக் காய்ச்சலும் வந்திச்சு. நான் சாகப்போறனா?

— இல்ல.

— உண்மையச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு மதலேனா அக்காட புருஷனுக்கும் முதல்ல காய்ச்சல்தான் வந்திச்சு. பிறகு மேலெல்லாம் அம்மை. தூக்கிக்கொண்டு போய்ப் புதைக்கக்கூட ஆள் வரல்ல.

— அவருக்கு வந்தது பெரியம்மை. உங்களுக்கு நான் கீறிப் போட்டது மாட்டம்மைப் பால். ஒரே ஒரு கொப்புளம். இது வந்தா அது வராது. எத்தினை தரம் சொல்லிட்டன்.

— யார்ட கையில இருந்து எடுத்த பால்? அத மட்டும் சொல்லமாட்டீங்க.

— நல்ல கைதான்.

— நல்ல கையாம். கண்டிச் சண்டை முடிஞ்சு சிப்பாய்மார் கற்பிட்டிக் கோட்டைக்கு வந்தாங்க, அவங்களோட அம்மையும் வந்திச்சு. பிறகு அதே கோட்டையில இருந்து நீங்க பெட்டியோட வந்து, கையைக் கீறிப் பால் குத்துறன் எண்டா... யார் நம்புவாங்க?

— நான் சிலாபத்தான். சம்பளம்தான் இங்கிலீசுக்காரன்ட.

— அவன்ட ராசாவுக்கே சீமையில பைத்தியமாம். மகன்தான் ஆளுறானாம். அவங்க எங்களுக்கு மருந்து அனுப்புறாங்க.

— அதுக்காகத் துடுப்பால மண்டையில அடிக்கிறதா?

— தோள்லதானே பட்டிச்சு.

— மண்டையப் பாத்துத்தான் ஓங்கினீங்க. நான் விலகினன்.

— ...ஓம். மண்டையத்தான்.

— சரி, ஒத்துக்கொண்டீங்களே.

— சிரிக்காதீங்க. அந்த அடிக்கு ரெண்டு மாசம் புத்தளத்துச் சிறையில, மறியல்ல கிடந்தது யார்? என்ட அண்ணன் கயித்தான். 'நான்தான் அடிச்சன்' எண்டு எனக்காகப் பொய் சொன்னார். அடிச்சது நான் எண்டு உங்களுக்குத் தெரியும். நீதவானுக்கு முன்னால வாயையே திறக்கல்ல நீங்க.

— திறந்திருந்தா உங்களக் கொண்டு போயிருப்பாங்க. அந்த மறியல்ல பொம்பிளைகளுக்கு வேற அறை இல்ல.

— ...இத ஏன் அப்பவே சொல்லல்ல?

— எங்க சொல்ல விட்டீங்க? என்னக் கண்டா காறித் துப்பினீங்க.

— மதலேனா அக்கா வீட்டுச் சாவுக்குப் பிறகு நானும் பயந்து கைய நீட்டிட்டன். இந்த எட்டு நாளும் துப்பல்லையே.

— இல்லதான்... வாங்க, போவம். பங்குச் சாமியார் சொன்னதால பதினாலு பிள்ளைகளக் கொண்டு வந்திருக்காங்க. ஆனா ஒரு தாயும் பிள்ளைட கைய நீட்டுறாள் இல்ல. மதலேனாட கைப்பிள்ளையும் அங்கதான்.

— இங்கயே என்ட கையில இருந்து பால எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குப் போடுங்களன்.

— எடுத்துக்கொண்டு போனா 'எங்கயோ எடுத்த சீழ்' எண்டுவாங்க. பால் குத்த விடாதீங்க எண்டு வீடு வீடாப் போய்ச் சொன்ன ஆள் நீங்க. உங்கட கையக் கண்டாத்தான் அவங்க நம்புவாங்க. எட்டாம் நாள்தான் பால் எடுக்கலாம், இண்டைக்கு விட்டா காஞ்சிடும். பிறகு கொழும்புல இருந்து வரணும். அதுக்கு ஒரு மாசம். பெரியம்மை ஒரு மாசம் பாத்துக்கொண்டு நிக்காது.

— அண்ணன விட்டுட்டாங்க. அவர்ட தோணி இண்டைக்கு வருது. தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சும் கூப்பிடுறீங்க. என்னால மறியலுக்குப் போன மனுசன் வந்து இறங்கக்குள்ள, நான் ஊர் பாக்க உங்களுக்கு முன்னால கைய நீட்டிக்கொண்டு இருக்கணும். என்னை ஒண்டும் செய்யமாட்டார், லோறன்ஸ். உங்களத்தான் வெட்டுவார்.

— இப்பதான் என்ட பேரச் சொன்னீங்க.

— கேட்டீங்களா நான் சொன்னத?

— கேட்டன். எனக்காகவா பயப்படுறீங்க?

— ...பிள்ளைகளுக்காக.

— பிள்ளைகளுக்காக.

— கதைய மாத்தாதீங்க. நானும் ஒண்டு கேக்கணும். போன மாசம் பக்கத்து ஊர் உம்மு குல்தூம்ட மகனுக்கும் நீங்கதானே பால் குத்தினது. எட்டாம் நாள் மட்டும்தான் அங்க போனீங்களாம். என்ட கையப் பாக்க ஏன் ஒவ்வொரு நாளும் வந்தீங்க?

— ...காய்ச்சல் வருதா எண்டு பாக்க.

— காய்ச்சல் நேத்துத்தான் வந்திச்சு.

— எப்பயிருந்து உங்களுக்குத் தெரியும், எட்டாம் நாள் மட்டும் வந்தாப் போதும் எண்டு?

— மூணாம் நாள்ல இருந்து.

— பிறகும் ஏன் ஒவ்வொரு நாளும் இந்த வாடிக்கு வந்தீங்க?

— ...பயத்துல. நீங்க வந்திட்டுப் போனா அண்டைக்குப் பயம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

— எனக்கும் அவ்வளவுதான்.

— பொறுங்க... அந்த ஓலை ஓட்டையால பாருங்க. பாய் இறக்குறாங்க. மாதாவே, அண்ணன்தான். இறங்கிட்டார்.

— மெலிஞ்சுதான் போனார்.

— பின்பக்கத்தால ஓடுங்க.

— ஓடமாட்டன்.

— கும்பிட்டுக் கேக்கிறன். கையில கத்தி வச்சிருக்கார்.

— அது கயிறு அறுக்கிற கத்தி.

— எதை அறுத்தா என்ன... உங்களுக்கு ஏதும் நடந்தா நான் தாங்கமாட்டன். சொல்லிட்டன். இனிப் போங்க.

— இதக் கேட்ட பிறகு எப்படிப் போறது?

— அவர் கோயிலடிக்குப் போகல்ல. இங்கதான் வாறார். 'எவன்ட சீழ உடம்புல வாங்கினாய்' எண்டு கேப்பார். நான் என்ன சொல்ல? இப்பவாவது சொல்லுங்க. யார்ட கை?

— சொல்லமாட்டன் எண்டு சத்தியம் குடுத்திருக்கன்.

— யாருக்கு?

— கதவத் திறந்துவிடுங்க. அவர் உள்ள வரட்டும்.

— லோறன்ஸ், வாசலுக்கு வந்திட்டார். யாருக்குக் குடுத்தீங்க சத்தியம்?

— வாசல்ல நிக்கிறவருக்குத்தான். மறியல்ல பக்கத்துல படுத்தவன் அம்மையில செத்த அண்டைக்கு அவராவே என்னைக் கூப்பிட்டுக் கைய நீட்டினார். எட்டாம் நாள் பால் எடுக்கப் போனன். 'முதல்ல என்ட தங்கச்சிக்குப் போடு. ஆனா என்ட கையெண்டு சொல்லிப்போடாதே... நானும் பால் குத்திக்கொண்டன் எண்டு தெரிஞ்சா அவள் துடுப்பத் தூக்குவாள்' எண்டார்.