நானூறாம் பெட்டி

தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் மேலாளர் ஐயா அவர்களே, ஒரு கமா விட்டாலும் பேப்பரைத் திருப்பி அனுப்பி, 'கமா அண்ணன்' என்றே பெயர் வாங்கிவிட்ட எங்கள் பயிற்சியாளர் அவர்களே, பேக்கிங் பிரிவின் பெரியவர்களே, எங்களையும் பெற்ற பிள்ளையாகவே அதட்டும் தாய்மார்களே, இன்று பயிற்சிக்கு வந்திருக்கும் புதியவர்களே, வாசலோரம் நின்று இப்போதே சிரிக்கும் லோடிங் அண்ணன்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கிட்ட வைத்துக்கொண்டேன்.

ஏற்றுமதி என்றால் என்ன? பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதா? பேப்பரில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருப்பது, அதுதான் ஏற்றுமதி. நான் துவாலை என்று எழுதிவிட்டு, சாப்பாட்டை ஏற்றியவள்.

சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

போன வருடம் எனக்கு முதல் வாரப் பயிற்சி. பெட்டி கட்டிப் பழக வேண்டும், ஆனால் விற்கும் துவாலையைத் தொடக்கூடாது. எடைக்கு என்ன செய்வது? கமா அண்ணன் எல்லாரும் சாப்பாடு வைக்கும் அலமாரியைப் பார்த்தார். அதிலிருந்த டிபன் பாக்ஸ் எல்லாம் பெட்டிக்குள் போயின. டேப் ஒட்டி எடை போட்டால், துவாலைப் பெட்டிக்குச் சரியாக அதே பதினெட்டு கிலோ! லேபிள் என் வேலை. அன்று ஏற்றவிருந்த கடைசிப் பெட்டியைப் பார்த்து அப்படியே எழுதினேன், எண் நானூறு. குறுக்கே சிவப்பு மையில் 'மாதிரி' என்று எழுதச் சொன்னார். அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, அதன்மேல் நானே கிறுக்குவதா? விட்டுவிட்டேன்.

அடுத்த அறையில் இன்வாய்ஸ் பாடம் முடித்துத் திரும்பினால், கண்டெய்னர் கிளம்பத் தயார். நானூறு பெட்டி, எண்ணிக்கை சரி, கதவுக்கு சீலும் வைத்தாயிற்று. உண்மையான நானூறாம் பெட்டி மட்டும் தூண் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சொன்னால் சீலை உடைக்க வேண்டும், கப்பல் தப்பலாம், வேலையும் போகலாம். படிப்பை நிறுத்திவிட்டு வந்தவள், இதையும் விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? சொல்லாவிட்டால், அந்தக் கரையில் பெட்டியைத் திறக்கிற நாளில் மொத்தச் சரக்கும் நின்றுபோகும். எழுதியது யாரென்று மட்டும் கமா அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

யோசித்து முடிக்கவில்லை. கால் போய் லாரிக்கு முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் அண்ணன் தலையை நீட்டினார். "ஏம்மா, உனக்கு வேற வண்டியே கிடைக்கலையா?"

மேலாளர் ஐயா வந்துவிட்டார். தூண் பக்கத்து நானூறைப் பார்த்ததும், உள்ளே போன நானூறுக்கு லேபிள் எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். மாதிரின்னு எழுதாம விட்டுட்டேன். உள்ள எல்லாரோட சாப்பாடும் இருக்கு."

ஐயா சீல் வைத்த கதவைப் பார்த்தார். பிறகு கமா அண்ணனைப் பார்த்து, "என்னோடதுமா?" என்றார். அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார்.

சீல் உடைந்தது. பெட்டி மாறியது. புது சீலின் எண்ணைப் போட்டு எல்லாப் பேப்பரையும் நானே திரும்ப எழுதினேன். அந்த அவசரத்திலும் கமா அண்ணன் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். கப்பல் கிடைத்தது. ஐயா என்னைக் கூப்பிட்டபோது, என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"தப்பு பண்ணதுக்கு ஒரு மாசம் லேபிள் பக்கமே போகாத. வந்து சொன்னதுக்கு, இனிமே கண்டெய்னர் கதவு மூடுறப்போ பக்கத்துல நீ நிக்கணும். நீ சரின்னு சொன்னாத்தான் சீல்."

புதியவர்களே, தப்பே செய்யாதீர்கள் என்று சொல்ல நான் யார்? செய்வீர்கள். எடையில் செய்வீர்கள், எண்ணில் செய்வீர்கள், என்னைப் போல அழகுக்காகவும் செய்வீர்கள். செய்தால் சொல்லுங்கள். கதவு மூடும் முன்னே சொல்லுங்கள், மூடிய பின்னும் சொல்லுங்கள், வண்டி வாசலைத் தாண்டினாலும் ஓடி வந்து சொல்லுங்கள். சொல்லப் பயமாக இருக்கிறதா? என்னிடம் வாருங்கள். உங்களோடு நானும் வந்து நிற்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. பயிற்சி நல்லபடியாகத் தொடங்கட்டும். வணக்கம்.