உறுமாத மாப்பிள்ளை

அக்கா, நம்ம சோபாவோட இடது மூலை மட்டும் ஏன் குழிஞ்சு கிடக்குதுன்னு போன மாசம் கேட்டியே. நாய் படுத்துப் படுத்துதான் அப்படி ஆச்சு. அங்க யாரு உக்கார வந்தாலும் உறுமும். அதுலேருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

நாய வித்தவரு முதல்லயே சொல்லிட்டாரு. "இது ஆதிகாலத்து ஜாதிம்மா. ஓநாய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி. கூப்பிட்டா வரலாமா வேணாமான்னு அதுவே முடிவு பண்ணும். நீங்கதான் அதுக்குத் தக்கன மாறணும். கட்டிப் பிடிக்காதீங்க. உறுமினா திட்டாதீங்க, எழுந்து தள்ளிப் போயிடுங்க. அது கடிக்காம இருக்கத்தான் உறுமுது." நானும் தலையாட்டினேன்.

கூப்பிட்டா வராது, சாப்பாடு பிடிக்கலன்னா மூஞ்சியத் திருப்பிக்கும். அதான் அப்பா மாப்பிள்ளைன்னு பேரு வச்சாரு. உன் வீட்டுக்காரரே சிரிச்சாரே, "எனக்கு இந்த வீட்ல இவ்வளவு மரியாதை கெடைச்சதில்லையே"ன்னு.

ஒரு நாள் அப்பா அந்த மூலையில உக்காரப் போனாரு. உறுமிடுச்சு. "இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டுச்சு, உன் மாப்பிள்ளைய வந்த எடத்துக்கே அனுப்பிடுவேன்"னாரு. அப்பா சொன்னா செய்வாரு. எனக்கு அந்த நாய் வேணும்க்கா.

ஒரு பழைய டின்ல ஆணியப் போட்டுக்கிட்டேன். நானே வேணும்னு போயி அந்த மூலையில உக்காருவேன். உறுமும். காதுகிட்ட டின்னக் குலுக்குவேன். சாப்பிடறப்ப தட்ட இழுப்பேன். உறுமும். குலுக்குவேன். சில சமயம் வாய இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அடிக்கல. ஒரு தடவைகூட அடிக்கல. முதல் வாரம் கட்டிலுக்கு அடியில போயி நடுங்கிக்கிட்டு கிடந்துச்சு. இருபத்தி மூணாவது நாள் சத்தம் நின்னுடுச்சு.

கோவம் வந்தா உடம்பு மட்டும் கட்டையாகும். காது பின்னால ஒட்டிக்கும், கண்ணு வெள்ளை தெரியும். வீட்ல எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஞாயித்துக்கிழம நீ வந்தப்ப உன் பையன், நம்ம உருண்டை, பிஸ்கட்டோட சோபால ஏறி அதோட கழுத்தக் கட்டிக்கிட்டான். நீ சமையக்கட்டுல இருந்த. மாப்பிள்ளை உடம்பு கட்டையாச்சு. அவனப் பாக்கவே இல்ல. என்னையே பாத்துச்சு. மூணு எட்டு வச்சிருந்தா அவனத் தூக்கியிருப்பேன். நான் அப்பாகிட்ட, "பாருங்கப்பா, சத்தமே இல்ல"ன்னேன்.

"பரவாயில்லடி, மாப்பிள்ளையவே வழிக்குக் கொண்டாந்துட்டியே"ன்னாரு.

எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அப்பதான் கடிச்சுது.

கன்னத்துல ஒன்பது தையல். பிஸ்கட்டக் குடுத்து அனுப்பினது நான்தானேன்னு நீ மூணு நாளா தலையில அடிச்சுக்கற. அதப் பாக்க முடியாமத்தான் சொல்றேன்.

நாய் டாக்டரு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "இதுக்கு முன்னாடி உறுமியிருக்காம்மா? உறுமற நாய்னா எங்கிட்ட விடுங்க, கொழந்தைங்க இல்லாத வீடாப் பாத்துத் தரேன். ஒண்ணும் காட்டாம கடிக்கற நாய யாருக்கும் குடுக்க முடியாது, ஊசி போட்டு முடிச்சிடறதுதான்." அப்பா கதவுக்கு வெளிய நின்னாரு. உறுமும்னு சொன்னா, அப்புறம் ஏன் உறுமறது நின்னுச்சுன்னு கேப்பாங்க.

"இல்ல டாக்டர், ஒரு தடவைகூட உறுமினதில்ல"ன்னேன்.

ஊசி போடறப்ப நான்தான் தலையக் கட்டிப் பிடிச்சிருந்தேன். அதுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். தொண்டைக்குள்ள லேசா ஏதோ கிளம்புச்சு. என் கையப் பாத்துச்சு. அப்படியே முழுங்கிடுச்சு.

யாரு பேச்சையும் கேக்காதுன்னு எல்லாரும் சொன்னீங்க. கடைசி வரைக்கும் என் பேச்ச மட்டும் கேட்டுச்சுக்கா.