எலியோ கடைசியாக மாட்டிய டிஸ்க்

— டார்ச்சை ஆட்டாதே அம்பாரோ. ஸ்க்ரூ எங்க விழுந்துச்சுன்னே தெரியல.

— உன் தொப்பை மறைக்குது எலியோ. நான் என்ன பண்ண?

— பதினெட்டு வருஷமா இதே தொப்பைதான். இன்னிக்குத்தான் மறைக்குதா?

— சீக்கிரம் முடி. அடுப்புல அரேப்பா ரொட்டி கெடக்கு.

— ஆச்சு, கம்ப்யூட்டர் மூடி வந்துடுச்சு. பாரு, செவ்வாய்க்கிழமை மாட்டின புது டிஸ்க். உன் கைக்குட்டைல மடிச்சு வெச்சுக்கலாம். பழசுல இருந்த அத்தனையும் இதுல ஏத்தியாச்சு.

— பழசு?

— பார்மட் பண்ணி, அந்த ரெண்டு பேர்கிட்டக் கொடுத்துடுவேன். நாளைக் காலைல வர்றதாச் சொல்லியிருக்காங்களே. டிஸ்க்தானே கேட்டாங்க? இந்தா டிஸ்க்.

— வெறும் டிஸ்க்.

— உள்ள என்ன இருக்கணும்னு அவங்க சொல்லலியே!

— சிரிக்காதே. படகுலேர்ந்து ஒம்பது பேரை இறக்கிக் கூட்டிட்டுப் போனப்பவும் மரியாதையாத்தான் பேசினாங்க. ஒம்பதுல ஒருத்தரும் திரும்பி வரல.

— ஊர்ல ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான்னாங்க. அன்னிக்கு நடந்ததைச் சொல்ல நாப்பத்தியோரு பேர் தொறந்திருக்காங்க. நாப்பத்தியோரு குரலும் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு!

— சரி... புதுசை எங்க வெக்கப் போற?

— புக்காரமாங்கா டவுன்ல, உன் அக்கா வீட்டுல. சாயங்கால பஸ். ரெண்டு பேரும் போறோம்.

— ரெண்டு பேருமா?

— ஆமா... ரெண்டு பேரும்.

— காலைல சட்டை துவைக்கும்போது பையில ஒரு டிக்கெட்தான் இருந்துச்சு. நீ என்ன, பஸ் கூரை மேல வர்றியா? கோழிக் கூடையோட?

— ... கதவு பூட்டியிருந்தா சந்தேகப்படுவாங்க அம்பாரோ. பஸ்ஸை மறிப்பாங்க. யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்.

— அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?

— சொன்னா நீ போவியா?

— மாட்டேன்.

— பாத்தியா! அப்ப டிஸ்க்கை யார் கொண்டு போறது?

— அக்காவே வர்றா. டிக்கெட்டைப் பாத்த உடனே போன் பண்ணிட்டேன். மூணு மணிக்கு வருவா, சாயங்காலம் உன் டிக்கெட்லயே திரும்பிடுவா.

— என்னைக் கேக்காமலா...

— நீ என்னைக் கேட்டியா? சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். பார்மட் பண்றதுக்கு முன்னாடி பழசோட கேபிளைக் கழட்டு. புதுசை மட்டும் வெச்சு ஆன் பண்ணு.

— எதுக்கு? செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன். நீ எப்பலேர்ந்து மெக்கானிக் ஆன?

— நாலு நாளாப் பழசு கடகடங்குது. வேலையில்லாதவன் எதுக்கு இப்படி மூச்சு வாங்குறான்? கழட்டு.

— இந்தா, கழட்டியாச்சு... ஆன். அட, வேகத்தைப் பாரேன்!

— வேகம் கெடக்கட்டும். குரலை எண்ணு.

— முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... நாப்பது. நாப்பதா?

— யாரு இல்ல?

— துலியோ... படகோட்டி துலியோ! வியாழக்கிழமை இந்த நாற்காலில உக்காந்துதானே பேசினான்!

— ரெண்டு டிஸ்க்கையும் மாட்டியே வெச்சிருந்தியே. பெட்டி பழைய பழக்கத்துல பழசுலேர்ந்தே ஆன் ஆயிருக்கு. துலியோ பேசினது பழசுலதான் இருக்கும்.

— ஐயோ... இன்னும் அஞ்சு நிமிஷத்துல அழிச்சிருப்பேனே! பேசி முடிச்சுட்டு அவன் ஆத்துல எந்தப் பக்கம் ஓடினான்னுகூடத் தெரியாது. இன்னொரு தடவை அவனை எங்க போய்த் தேட...

— பொலம்பாதே. பழசை மறுபடி மாட்டு. விட்டுப்போனதைக் காப்பி பண்ணு.

— பண்றேன், பண்றேன்... இதோ, துலியோ. அம்பாரோ...

— என்ன?

— ரெண்டு இருக்கு. இன்னொண்ணு நேத்துத் தேதி. நேத்து நான் ஊர்லயே இல்லியே, டிக்கெட் வாங்கப் போயிருந்தேன்.

— ஆமா, போயிருந்த.

— அப்ப நாப்பத்திரண்டா? யாரு வந்தா? குரலை மாத்தினியா? நான் எல்லாருக்கும் மாத்தித்தான் வெப்பேன், தெரியும்ல?

— மாத்தல.

— பைத்தியமாடி உனக்கு! கேட்ட நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க. யாரு அது, சொல்லு!

— அன்னிக்குத் துறைல மீன் வாங்க நின்னவ. ரெண்டு வருஷமா உன்கிட்டகூட வாயைத் தொறக்காதவ. ஒம்பது பேரையும் பாத்தேன் எலியோ, கூட்டிட்டுப் போனவங்க முகத்தையும் பாத்தேன். என் பேரு அம்பாரோ கிந்தானா, ஆத்தோரத் தெரு, பதினோராம் நம்பர் வீடுன்னுதான் ஆரம்பிச்சிருக்கேன். வீடு இங்கயேதான் இருக்கு, நானும் இங்கயேதான். அதையும் காப்பி பண்ணு.